ஆயுள் காப்பீடு: பாலிசி எடுக்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு பாலிசியாவது இருக்கும். பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். எவ்வளவுக்குப் போட்டது என்று கேட்டால் மட்டும், “தெரியலை, பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்னு ஏஜென்ட் சொன்னார்” என்று பதில் வரும். புதிதாகப் பாலிசி எடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், எடுத்து வைத்திருப்பவர்கள் கேட்க மறந்த சிலவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஏஜென்ட் இல்லை. எந்தக் கம்பெனிக்காகவும் எழுதவில்லை.

ஆயுள் காப்பீடு யாருக்குத் தேவை?

உங்கள் சம்பாத்தியத்தை நம்பி யாராவது இருந்தால் உங்களுக்குத் தேவை. மனைவி, குழந்தைகள், வயதான பெற்றோர், படிக்கிற தம்பி, பாதியில் நிற்கும் வீட்டுக் கடன் என்று ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். யாரும் உங்களை நம்பி இல்லை, கடனும் இல்லை என்றால் அவசரம் இல்லை.

குழந்தை பெயரில் பாலிசி போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். குழந்தைக்கு வருமானம் கிடையாது. சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ இல்லாமல் போனால்தான் அந்தக் குழந்தையின் படிப்பு நிற்கும். ஆகவே முதல் பாலிசி பெற்றோரின் உயிர் மீது இருக்க வேண்டும்.

டேர்ம், எண்டோமென்ட், மணி பேக், யூலிப் என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

டேர்ம் பாலிசி வெறும் காப்பீடு. குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்கு முழுத் தொகை வரும். காலம் முடியும்வரை உயிரோடு இருந்தால் எதுவும் வராது. அதனால்தான் பிரீமியம் குறைவு.

எண்டோமென்ட் என்பது காப்பீடும் சேமிப்பும் கலந்தது. இறந்தாலும் பணம் உண்டு, முதிர்ந்தாலும் போனஸோடு பணம் உண்டு. மணி பேக் இதே வகைதான். நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவார்கள். எல்.ஐ.சி.யின் ஜீவன் ஆனந்த் பாலிசியில் முதிர்வுத் தொகையை வாங்கிய பிறகும் ஆயுள் முழுக்கக் காப்பீடு தொடரும். ஜீவன் உமங் வாழ்நாள் முழுவதற்குமானது. யூலிப்பில் உங்கள் பணத்தின் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகும். லாப நஷ்டம் உங்களுடையது, முதல் 5 ஆண்டுகளுக்குப் பணத்தை எடுக்க முடியாது.

பெயர்கள் நூறு இருந்தாலும் விஷயம் இவ்வளவுதான். ஏஜென்ட் ஒரு திட்டத்தைச் சொன்னால், “நான் நாளைக்கே இறந்தால் வீட்டுக்கு எவ்வளவு வரும்? நான் இறக்காவிட்டால் எத்தனை சதவீத வட்டிக்குச் சமமாகத் திரும்ப வரும்?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் எண்ணில் பதில் வர வேண்டும்.

டேர்ம் எடுத்தால் கட்டிய பணம் வீணாகிவிடுமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பைக்குக்கு வருடா வருடம் இன்சூரன்ஸ் கட்டுகிறோம். விபத்தே நடக்கவில்லை, பணம் வீணாகிவிட்டது என்று யாரும் வருத்தப்படுவதில்லை. உயிருக்குக் கட்டும்போது மட்டும் அந்த வருத்தம் வந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 50,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் ஓர் எண்டோமென்ட் பாலிசிக்குக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 10 லட்சம். முடிவில் 18 லட்சம் கைக்கு வந்தால் “கிட்டத்தட்ட இரண்டு மடங்கு” என்று தோன்றும். கணக்குப்படி அது ஆண்டுக்கு ஐந்தேகால் சதவீதம் சொச்சம்தான். அதே பணத்தை அஞ்சலகத்தில் பி.பி.எஃப். என்ற அரசுச் சேமிப்புக் கணக்கில் போட்டு, 2020 ஏப்ரலில் வைத்த 7.1 சதவீத வட்டியே தொடர்ந்தால், 20 ஆண்டுகளில் சுமார் 22 லட்சம் ஆகும்.

பாலிசியில் காப்பீடும் சேர்ந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 50,000 கட்டும் அந்தப் பாலிசியின் காப்புத் தொகை பெரும்பாலும் 10 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும். 30 வயதுள்ள, புகை பிடிக்காத ஒருவர் 60 வயதுவரை 1 கோடி ரூபாய்க்கு டேர்ம் எடுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 முதல் 15,000 ரூபாய்தான் ஆகும். 10 லட்சம் எங்கே, 1 கோடி எங்கே!

என் கருத்து: காப்பீட்டுக்கு டேர்ம், சேமிப்புக்கு வேறு இடம். ஒன்று மட்டும் எண்டோமென்ட்டுக்குச் சாதகமாகச் சொல்லலாம். கையில் காசு தங்காதவர்களுக்கு அது கட்டாயச் சேமிப்பு. சீட்டுப் பணம் கட்டுகிற மாதிரி பிரீமியத்தைத் தவறாமல் கட்டியே வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு “எனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது” என்று நிம்மதியாக இருக்கக் கூடாது.

கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தரும் டேர்ம் திட்டங்களும் உண்டு. பிரீமியம் கணிசமாகக் கூடும். கூடுதலாகக் கட்டும் அந்தப் பணத்துக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது யார் பணம் என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

ஆண்டு வருமானத்தைப் போல 10 முதல் 15 மடங்கு என்பார்கள். அதைவிட வீட்டுக் கணக்கு நோட்டைத் திறப்பது நல்லது.

மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 35 வயதுக்காரர் ஒருவர். அவருடைய சொந்தச் செலவு 10,000 போக, குடும்பத்துக்கு மாதம் 30,000 வேண்டும், ஆண்டுக்கு 3,60,000. 60 லட்ச ரூபாயை 6 சதவீத வட்டிக்குப் போட்டால் இந்தத் தொகை வரும். வீட்டுக் கடன் பாக்கி 15 லட்சம் என்றால் 75 லட்சம். விலைவாசி ஏறும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போவார்கள் என்பதையும் சேர்த்தால் 1 கோடி என்பது ஆடம்பரம் இல்லை என்று புரியும். கையில் உள்ள சேமிப்பையும் பழைய பாலிசிகளையும் இதில் கழித்துக்கொள்ளலாம்.

கேட்ட தொகையையெல்லாம் கம்பெனி கொடுத்துவிடாது. வருமானச் சான்றைப் பார்த்துத்தான் உச்சவரம்பு வைப்பார்கள். கணக்கில் காட்டாத வருமானம் உள்ள கடைக்காரர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால்தான் பெரிய தொகை கிடைக்கும்.

என்னால் ஆயிரக்கணக்கில் கட்ட முடியாது. வேறு வழி உண்டா?

உண்டு. வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். 2015-இல் தொடங்கிய பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வயதுவரை தொடரலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் உண்டு. கூடவே சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு. அது ஆண்டுக்கு 20 ரூபாய்தான், அதற்கும் 2 லட்சம்.

காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து பணத்தைத் தானாக எடுப்பார்கள். அந்த நேரத்தில் கணக்கில் 456 ரூபாய் இல்லையென்றால் இரண்டும் நின்றுபோகலாம். நூறு நாள் வேலைச் சம்பளம் வந்தவுடன் முழுவதையும் எடுத்துவிடுகிறவர்கள் மே மாதத்தில் மட்டும் கொஞ்சம் விட்டு வையுங்கள்.

பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. பலருக்குத் தெரியாமலே ஒரு காப்பீடு ஓடிக்கொண்டிருக்கிறது. பி.எஃப். நிறுவனத்தின் ஈ.டி.எல்.ஐ. திட்டத்தில், வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம்வரை கிடைக்கும். இதற்கான பணத்தை முதலாளிதான் கட்டுகிறார். தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் பி.எஃப். உள்ள ஒருவர் இறந்தால், பி.எஃப். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், இதற்கும் சேர்த்து மனு கொடுக்க வேண்டும். ஆன்லைனில் நாமினி பெயரை இப்போதே பதிந்து வைத்தால் பிறகு அலைச்சல் குறையும்.

எல்.ஐ.சி.யா, தனியாரா?

245 கம்பெனிகளையும் சேமநிதிச் சங்கங்களையும் சேர்த்து 1956 செப்டம்பர் 1-இல் எல்.ஐ.சி. உருவானது. அதன் பாலிசிகளுக்கு மத்திய அரசின் உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது. தனியார் கம்பெனிகளுக்கு அது இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் கீழ்தான் வருகிறார்கள், ஒரே காப்பீட்டுச் சட்டம்தான் எல்லோருக்கும் பொருந்தும். டேர்ம் பிரீமியத்தை இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். க்ளெய்ம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்பதை ஆணையத்தின் ஆண்டறிக்கையில் பாருங்கள், விளம்பரத்தில் வேண்டாம்.

அஞ்சல் ஆயுள் காப்பீட்டை யாரும் நினைப்பதில்லை. 1884-இல் தொடங்கியது, எல்.ஐ.சி.க்கும் மூத்தது. முதலில் அஞ்சல் ஊழியர்களுக்கு மட்டும் இருந்தது, இப்போது அரசு ஊழியர்கள் மட்டுமல்லாமல் பட்டதாரிகளும் சேரலாம். கிராமத்தினருக்கு 1995 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. எண்டோமென்ட்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அதன் போனஸ் விகிதத்தையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

“முதல் பிரீமியத்தை நானே கட்டிவிடுகிறேன்” என்கிறார் ஏஜென்ட். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தன் கமிஷனிலிருந்து உங்களுக்குத் தள்ளுபடி கொடுப்பது காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம், வாங்குவதும் குற்றம். அதைவிட, அந்தச் சலுகைக்காக உங்களுக்குப் பொருந்தாத பாலிசியில் 20 வருடம் மாட்டிக்கொள்வதுதான் பெரிய நஷ்டம்.

நல்ல ஏஜென்ட் கிடைத்தால் அவர் வாங்கும் கமிஷனுக்குத் தகுந்தவர்தான். க்ளெய்ம் நேரத்தில் இழவு வீட்டுக்கு வந்து பாரம் பூர்த்தி செய்து கொடுத்து, கிளை அலுவலகத்துக்குக் கூடவே வருகிறவர்கள் உண்டு. கணினி பழக்கமுள்ளவர்கள் கம்பெனி இணையதளத்தில் நேரடியாக எடுத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையும். அப்படி எடுத்தால், பாலிசி எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையது.

விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும்?

ஆதார், பான் கார்டு, வயதுச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக், புகைப்படம், நாமினியின் விவரம். சம்பளக்காரர்களுக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு வருமான வரிக் கணக்கு.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு தொல்லை. முதலாவது இனிஷியல். ஆதாரில் “எஸ். முருகன்” என்றிருக்கும்; பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு “முருகன் சுப்பையா” என்றிருக்கும்; பாஸ்புக்கில் “முருகன் எஸ்” என்றிருக்கும். நாமினியோ வீட்டில் கூப்பிடும் “செல்வி”. அவருடைய ஆதாரில் “தமிழ்ச்செல்வி”. பாலிசி எடுக்கும்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். பணம் கொடுக்கும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். நாமினியின் பெயரை அவருடைய ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக எழுதுங்கள்.

இரண்டாவது பிறந்த தேதி. பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்டுக் கொடுத்த தேதிதான் நிறையப் பேருக்குச் சான்றிதழில் இருக்கிறது. எது சான்றிதழில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

அடுத்து புரபோசல் பாரம், அதாவது பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம். “சார், இங்கே இங்கே கையெழுத்துப் போடுங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன்” என்றால் பேனாவைக் கீழே வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் கம்பெனி எடுத்து நீட்டப் போவது அந்தப் பாரத்தைத்தான். ஏஜென்ட் வாயால் சொன்னது எதுவும் அதில் இருக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை நீங்களே எழுதுங்கள், அல்லது எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

பிறகு மருத்துவப் பரிசோதனை: ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. என்று வயதுக்கும் தொகைக்கும் ஏற்ப இருக்கும். அவர்கள் அனுப்பும் ஆய்வகத்தில்தான் எடுக்க வேண்டும். முடிவைப் பார்த்து ஏற்பார்கள், கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், தள்ளிப்போடுவார்கள் அல்லது மறுப்பார்கள். 2025 மார்ச் முதல், யு.பி.ஐ. வழியாகப் பிரீமியத் தொகையைக் கணக்கிலேயே நிறுத்தி வைத்து, பாலிசி ஏற்கப்பட்ட பிறகு மட்டும் எடுக்கும் வசதியும் வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் அதைக் கேளுங்கள்.

சுகர், பி.பி., சிகரெட் பழக்கம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். மாத்திரை போட்டுக் கட்டுப்பாட்டில் இருந்தாலும் சொல்ல வேண்டும். ஹான்ஸ், வெற்றிலையோடு போடும் புகையிலை, எப்போதாவது குடிப்பது, அப்பாவுக்கு ஐம்பது வயதில் வந்த மாரடைப்பு, வேறு கம்பெனியில் ஏற்கெனவே இருக்கும் பாலிசிகள் எல்லாம் இதில் அடக்கம். சொன்னால் பிரீமியம் கூடலாம். மறைத்தால் பிரீமியம் முழுவதும் கட்டிய பிறகு பணம் வராமல் போகலாம்.

காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவு இதில் முக்கியமானது. பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் ஆகிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. காலாவதியாகி மறுபடி புதுப்பித்திருந்தால் அந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். “மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் போதும், மறைத்துவிடு” என்று இதை வைத்து ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று வருடத்துக்குள் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்களால் எழுதிக் கொடுக்க முடியுமா?

முதல் 12 மாதங்களுக்குள் தற்கொலை என்றால் முழுத் தொகை கிடையாது. பொதுவாகக் கட்டிய பிரீமியத்தில் 80 சதவீதம் கிடைக்கும்.

நாமினியாக யாரைப் போடுவது?

யாருக்குப் பணம் போய்ச் சேர வேண்டுமோ அவரை. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் அந்தப் பணம் அவர்களுக்கே உரியது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தம் சொல்கிறது. அப்படியும் மற்ற வாரிசுகள் வழக்குக்குப் போனதுண்டு. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு மனைவியையும் சேர்த்து ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று மாற்றி எழுதுங்கள். மாமியார், மருமகள் இருவரையும் துக்க வீட்டில் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். நாமினி 18 வயதுக்குக் கீழ் என்றால், பணத்தை வாங்கும் பொறுப்பாளர் பெயரும் வேண்டும்.

தொழிலில் கடன் உள்ளவர்கள் 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுக்கலாம். புரபோசல் பாரத்தோடு ஒரு கூடுதல் படிவம், அவ்வளவுதான். அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கான டிரஸ்டாகிவிடும். கடன்காரர்கள் ஜப்தி செய்ய முடியாது. எடுக்கும்போதே கேட்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

பாலிசி வந்த பிறகு பிடிக்கவில்லை என்றால்?

கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்கள் அவகாசம் உண்டு. காரணத்தை எழுதித் திருப்பிக் கொடுத்தால், மருத்துவப் பரிசோதனை, முத்திரைக் கட்டணம், இடைப்பட்ட நாட்களின் காப்புச் செலவு போக மீதி திரும்ப வரும். பெயர், பிறந்த தேதி, எத்தனை ஆண்டுகள் கட்ட வேண்டும் என்பதை அன்றைக்கே சரிபாருங்கள். வங்கியில் “ஒரே தடவை கட்டினால் போதும்” என்று சொல்லி ஆண்டுப் பிரீமியத் திட்டத்தைத் தலையில் கட்டியிருந்தால் தெரிந்துகொள்ளும் நேரம் இதுதான்.

பிரீமியம் கட்டத் தவறினால்?

மாதத் தவணைக்கு 15 நாட்கள், மற்றவற்றுக்கு 30 நாட்கள் கூடுதல் அவகாசம். அதற்குள் இறந்தாலும் காப்பு உண்டு. அதைத் தாண்டினால் காலாவதி. சாதாரணப் பாலிசியை 5 ஆண்டுகளுக்குள்ளும் யூலிப்பை 3 ஆண்டுகளுக்குள்ளும் புதுப்பிக்கலாம். வட்டியும் சில சமயம் புது மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

சேமிப்புப் பாலிசியைச் சரண்டர் செய்யும், அதாவது பாதியிலேயே முடித்துப் பணத்தை வாங்கும் விதி 2024 அக்டோபரில் மாறியது. அதன்பின் விற்கப்படும் பாலிசிகளில் ஓராண்டுப் பிரீமியம் முழுவதும் கட்டி முதல் ஆண்டு முடிந்தாலே ஏதோ ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். அப்படியும் கட்டியதைவிடக் குறைவுதான். அவசரப் பணத்துக்கு என்றால் பாலிசி மீது கடன் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

வரிச் சலுகை?

பழைய வரிமுறையில் மட்டும் ஆண்டுக்கு 1.5 லட்சம்வரை மற்ற சேமிப்புகளோடு சேர்த்துக் கழிவு உண்டு. புதிய முறையில் இல்லை. இறப்புத் தொகைக்கு வரி கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

க்ளெய்ம் எப்படி வாங்குவது?

இறப்புச் சான்றிதழ், அசல் பாலிசிப் பத்திரம், க்ளெய்ம் படிவம், நாமினியின் ஆதாரும் பாஸ்புக்கும். விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை. பாலிசி எடுத்து 3 ஆண்டுகளுக்குள் இறந்திருந்தால் மருத்துவமனைப் பதிவுகளையும் கேட்பார்கள். நாமினி இல்லையென்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். தொகை பெரிது என்றால் நீதிமன்றத்துக்கும் போக நேரலாம். இறப்புச் சான்றிதழில் நாலைந்து பிரதி சேர்த்தே வாங்குங்கள், வங்கியும் மின்வாரியமும் கேட்கும்.

விசாரணை தேவையில்லாத க்ளெய்மை 15 நாட்களிலும், விசாரணை தேவைப்பட்டால் 45 நாட்களிலும் முடிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அவருக்கு 50 லட்சம்வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் உண்டு. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்குமான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

“ஐ.ஆர்.டி.ஏ.-விலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது” என்று போன் வருகிறதே?

மோசடி. அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் கொடுப்பதும் இல்லை, யாருக்கும் போன் செய்து பணம் கட்டச் சொல்வதும் இல்லை.

உண்மையிலேயே அப்பா, தாத்தா காலத்துப் பாலிசி ஏதாவது கிடப்பில் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், கம்பெனிகளின் இணையதளத்தில் கேட்பாரற்ற தொகை என்ற பகுதியில் பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் அல்லது பான் எண்ணைக் கொடுத்துத் தேடலாம். பத்து ஆண்டுகள் கடந்தவை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்பட்டிருக்கும். அதற்குப் பிறகும் 25 ஆண்டுகள்வரை உரிமை கோரிக் கம்பெனியிடமே மனு கொடுக்கலாம்.